பதவி விலகல் கடிதத்துக்கு முன்னும் பின்னும்: சொந்தத் தொழிலுக்கு மாறும் சிங்கப்பூர்ப் பெண்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அலுவலக வேலையை விட்டுவிட்டுச் சிறுதொழில் தொடங்கும் பெண்கள் சிங்கப்பூரில் எங்கெங்கே இடறுகிறார்கள் என்பதை, நானும் அந்த வழியில் வந்தவள் என்பதால், அக்கறையோடு கவனித்து வந்திருக்கிறேன். சமையலிலோ தையலிலோ கைத்திறன் போதாமல் திணறியவர்கள் மிகச் சிலரே. செய்ய வேண்டிய காரியங்களை முன்பின்னாகச் செய்ததுதான் பெரும்பாலோருக்கு வினையாக முடிந்தது. சம்பளச் சீட்டு கையில் இருந்தபோது எளிதாக முடிந்திருக்கக்கூடிய ஒரு கடன் விண்ணப்பம், வேலையை விட்ட மறுமாதமே இரண்டு ஆண்டுக் காத்திருப்பாக மாறிவிடுகிறது. ஆகவே இந்த வழிகாட்டி வரிசையை முதன்மையாகப் பேசுகிறது. பதவி விலகல் கடிதம் ஏழாவது படியில்தான் வருகிறது.

தொடங்குமுன் சிலவற்றை ஒரே கோப்பில் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்: வேலை ஒப்பந்தத்தின் முழுப் பிரதி, கடந்த ஓராண்டுச் சம்பளச் சீட்டுகள், கடைசி இரண்டு ஆண்டுகளின் வருமான வரி மதிப்பீட்டு அறிவிப்புகள், மத்திய சேம நிதிக் கணக்கறிக்கை, வீட்டுக்கடன் அறிக்கை, குடும்பத்தின் காப்புறுதிப் பத்திரங்கள். சம்பளச் சீட்டுகளும் ஒப்பந்தமும் பெரும்பாலும் நிறுவனத்தின் உள்இணையத்தில் இருக்கும். கடைசி நாளன்று அந்த நுழைவு மூடப்படும் என்பதால் இப்போதே இறக்கி வையுங்கள்.

1. எந்தத் தகுதியில் சிங்கப்பூரில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்

குடிமக்களும் நிரந்தரவாசிகளும் தாங்களே தொழிலைப் பதிவு செய்யலாம். அவர்கள் அடுத்த படிக்குச் சென்றுவிடலாம்.

எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவர்களின் அனுமதி அந்த முதலாளியோடு கட்டுண்டது. வேலையை விட்டால் அனுமதியும் ரத்தாகும். வேலையில் இருந்துகொண்டே பக்கத்தொழில் நடத்தவும் முடியாது. டிப்பெண்டன்ட்ஸ் பாஸில் இருப்பவர்களுக்கு 2021 மே மாதத்தில் விதி மாறியது. சொந்தத் தொழில் நடத்த விரும்புபவர் மனிதவள அமைச்சின் ஒப்புதல் கடிதத்தைப் பெற வேண்டும். நிறுவன இயக்குநராக இருந்தால் குறைந்தது 30 விழுக்காட்டுப் பங்கும் அவரிடம் இருக்க வேண்டும். அந்தக் கடிதத்தைப் புதுப்பிக்கும்போது, உள்ளூர்வாசி ஒருவரைக் குறிப்பிட்ட சம்பளத்தில், மத்திய சேம நிதிச் சந்தாவோடு வேலைக்கு வைத்திருப்பதைக் காட்ட வேண்டியிருக்கும். அந்த ஒருவரின் சம்பளத்தையும் தாங்கும் அளவுக்கு வியாபாரம் உண்டா என்பதுதான் இங்கே முதல் கேள்வி.

ஆன்ட்ரபாஸ் என்னும் தொழில்முனைவர் அனுமதி இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது முதலீடு பெற்ற, புத்தாக்கத் தொழில்நுட்பம் கொண்ட நிறுவனங்களுக்கானது. காப்பிக்கடை, உணவங்காடி போன்றவை அதில் வெளிப்படையாகவே விலக்கப்பட்டுள்ளன.

2. வேலை ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள்

நான்கு விதிகளைத் தேடுங்கள்: முன்னறிவிப்புக் காலம், வெளிவேலைத் தடை, போட்டித் தொழில் தடை, ஊக்கத்தொகை வழங்கப்படும் நாளும் நிபந்தனையும். வெளிவேலைத் தடை இருந்தால், ஆறாவது படியில் சொல்லப்போகும் சோதனை விற்பனைக்குக்கூட நிறுவனத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். வாய்மொழியாக மேலாளர் தலையாட்டியது போதாது; மேலாளர்கள் மாறுவார்கள், காகிதம் மாறாது.

ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் சொல்லப்படவில்லை என்றால் வேலை நியமனச் சட்டம் அதைத் தீர்மானிக்கிறது: இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் பணியாற்றியவருக்கு இரண்டு வாரம், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் நான்கு வாரம். ஊக்கத்தொகைக்கான நிபந்தனையில் “வழங்கும் நாளில் பணியில் இருக்க வேண்டும்”, “முன்னறிவிப்பு கொடுத்தவருக்குப் பொருந்தாது” என்ற இரண்டில் எது எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். முந்தையது என்றால் பணம் வரும் நாள்வரை பணியில் இருந்தாலே போதும். பிந்தையது என்றால் பணம் கணக்கில் விழுந்த பிறகே கடிதம் கொடுக்க வேண்டும்.

3. சம்பளம் நின்றால் அதனோடு எவையெல்லாம் நிற்கும் என்று கணக்கிடுங்கள்

புதிதாக வருபவர்கள் மிக அதிகமாகத் தவறவிடும் படி இது. “வீட்டுச் செலவுக்கு மாதம் மூவாயிரம் போதும்” என்று சொல்பவரிடம் வீட்டுக்கடன் எங்கிருந்து போகிறது என்று கேட்டால், “அது மத்திய சேம நிதியில் போகிறது” என்ற பதிலே வரும். வேலையை விட்டதும் அந்த ஊற்று வற்றிவிடும் என்பது அப்போதுதான் உறைக்கிறது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 38 வயதுப் பெண். மாதச் சம்பளம் 6,000 வெள்ளி. அவருடைய பங்கு 20 விழுக்காடு, முதலாளியின் பங்கு 17 விழுக்காடு என மாதம் 2,220 வெள்ளி மத்திய சேம நிதிக்குப் போகிறது. அவருடைய வயதில் சம்பளத்தில் 21 விழுக்காடு, அதாவது 1,260 வெள்ளி, சாதாரணக் கணக்கில் சேர்கிறது. வீட்டுக்கடன் தவணை அந்தக் கணக்கிலிருந்து போகிறது என்றால், சந்தா நின்றபின் அங்கே மீதமுள்ள இருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்று வகுத்துப் பாருங்கள். அது தீர்ந்தபின் தவணை முழுவதும் ரொக்கம்தான்.

இதே கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது. முதலாளி தந்த 17 விழுக்காடு 1,020 வெள்ளி. ஆகவே 6,000 வெள்ளிச் சம்பளத்துக்கு நிகராக வேண்டுமானால் தொழிலில் மாதம் 7,020 வெள்ளி லாபம் வர வேண்டும். அதற்கும் மேலே ஆண்டிறுதிப் போனஸ், சம்பளத்துடன் கூடிய விடுப்பு, மருத்துவச் சலுகை எல்லாம் தனி. முதல் ஆண்டிலேயே இந்தத் தொகையை ஈட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதே என் வற்புறுத்தல்.

அடுத்தது வருமான வரி. சிங்கப்பூரில் போன ஆண்டின் வருமானத்துக்கு இந்த ஆண்டு வரி கட்டுகிறோம். டிசம்பரில் வேலையை விட்டவருக்கு, முழு ஆண்டுச் சம்பளத்துக்கான வரி, சம்பளமே இல்லாத அடுத்த ஆண்டில் வந்து நிற்கும். இந்தத் தொகையை முன்கூட்டியே தனிக் கணக்கில் ஒதுக்கி வையுங்கள். ஜைரோ மூலம் 12 வட்டியில்லாத் தவணைகளாகவும் கட்டலாம்.

இவை எல்லாவற்றையும் சேர்த்து, உங்கள் பங்காகக் குடும்பத்துக்குக் கொடுத்துவரும் தொகையை ஓர் ஆண்டுக்குக் கையிருப்பாக வைத்திருப்பது நல்லது என்பது என் கருத்து. ஆறு மாதம் போதும் என்று பலர் சொல்வார்கள். தீபாவளியை நம்பிய தொழிலுக்கு ஆறு மாதம் போதாது. ஒரு முழுப் பருவச் சுற்றைப் பார்த்தால்தான் எந்த மாதம் கை வறளும் என்று தெரியும்.

4. சம்பளச் சீட்டு இருக்கும்போதே முடிக்க வேண்டிய விண்ணப்பங்கள்

முதலில் வீட்டுக்கடன். கடனை மறுநிதியாக்கம் செய்யவோ வேறு வீடு வாங்கவோ எண்ணம் இருந்தால் இப்போதே முடியுங்கள். சொந்தத் தொழில் செய்பவரிடம் வங்கிகள் வழக்கமாக இரண்டு ஆண்டு வரி மதிப்பீட்டு அறிவிப்பைக் கேட்கின்றன. நிலையற்ற வருமானத்தில் குறைந்தது 30 விழுக்காட்டைக் கழித்துவிட்டே கடன் தகுதியைக் கணக்கிட வேண்டும் என்பது சிங்கப்பூர் நாணய வாரியத்தின் விதி. ஒரே வருமானம் இருந்தாலும், சம்பளமாக வரும்போது இருக்கும் எடை தொழில் லாபமாக வரும்போது இராது.

இரண்டாவது மருத்துவக் காப்புறுதி. நிறுவனத்தின் குழுக் காப்புறுதி வேலையோடு முடிந்துவிடும். மெடிஷீல்டு லைஃப் என்னும் அடிப்படை மருத்துவக் காப்புறுதி குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவருக்கும் தொடரும். அதற்கு மேற்பட்ட ஒருங்கிணைந்த ஷீல்டு திட்டம் உங்களிடம் இல்லையென்றால், குழுக் காப்புறுதி உயிரோடு இருக்கும்போதே விண்ணப்பியுங்கள். புதுத் திட்டங்கள் ஏற்கெனவே உள்ள நோய்களை விலக்கக்கூடும். முடிவு வரும்வரை பழைய பாதுகாப்பு இருப்பது நல்லது. இந்த வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் புதுக் காப்புறுதியின் ஒப்புதல், பிறகே பதவி விலகல்.

குழந்தை பராமரிப்பு நிலையக் கட்டணச் சலுகை பெறுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். வேலை பார்க்கும் தாய் என்ற தகுதிக்கு மாதம் குறைந்தது 56 மணி நேர வேலை வேண்டும். சொந்தத் தொழிலும் அதில் சேரும். ஆனால் நிலைமை மாறியதை நிலையத்திடம் தெரிவித்து உரிய ஆவணத்தைக் கொடுக்க வேண்டும்.

5. தொழிலை வீட்டிலிருந்து செய்ய முடியுமா என்று உறுதிப்படுத்துங்கள்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் சிறுதொழில் நடத்துவதற்கு இரண்டு வெவ்வேறு திட்டங்கள் உண்டு. இவற்றைக் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். கேக் சுடுவது, சிறிய அளவில் சமைத்துக் கொடுப்பது, தைப்பது, முடி திருத்துவது, பிள்ளைகளுக்குத் துணைப்பாடம் நடத்துவது ஆகியவை வீட்டுச் சிறுதொழில் திட்டத்தில் வரும். இதற்கு முன் அனுமதி தேவையில்லை. ஆனால் அந்த வீட்டில் வசிப்பவர்கள் மட்டுமே வேலை செய்யலாம். பெயர்ப்பலகையோ விளம்பரமோ வாசலில் வைக்கக்கூடாது. தொழிற்சாலைக்குரிய கனரக இயந்திரங்களும் அளவுக்கு மீறிய சரக்கும் கூடாது. அண்டை வீட்டாருக்குச் சத்தமோ வாடையோ கூட்டமோ தொல்லையாக இருக்கக்கூடாது.

கணக்கியல், வடிவமைப்பு, ஆலோசனை போன்ற மேசை வேலைகள் வீட்டு அலுவலகத் திட்டத்தில் வரும். இதற்கு விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். வெளியாட்கள் இருவர்வரை வேலைக்கு வரலாம். தனியார் வீடுகளில் இருப்பவர்களுக்கு நகரச் சீரமைப்பு ஆணையம் இதை ஒத்த விதிகளை வைத்திருக்கிறது.

உணவுத் தொழிலுக்கு இன்னும் சில சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து சிறிய அளவில் உணவு விற்பதற்குச் சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் தேவையில்லை. உணவுப் பாதுகாப்புப் பயிற்சியை முடிப்பது கட்டாயமில்லை என்றாலும் முடித்துவிடுங்கள். எண்ணெயை எத்தனை முறை மறுபடி காய்ச்சலாம், தேங்காய்ச் சட்னியை எவ்வளவு நேரம் வெளியில் வைக்கலாம் என்பதெல்லாம் வீட்டுப் பழக்கத்தில் ஒரு விதம், விற்பனையில் வேறு விதம். கல்யாண வீட்டுக்கு இருநூறு பேருக்குச் சமைத்துக் கொடுக்கும் கேட்டரிங் வேலையை வீட்டு அடுப்பில் ஏற்காதீர்கள்; அதற்கு உரிமம் பெற்ற சமையற்கூடம் வேண்டும். விழாக்காலச் சந்தையில் கடை போடுவதும் தனி அனுமதிக்கு உட்பட்டது. மூலிகை எண்ணெய், நலங்குமாவு, சோப்பு போன்ற அழகுப் பொருள்களை விற்க விரும்புபவர்கள், விற்பனைக்கு முன்பே சுகாதார அறிவியல் ஆணையத்திடம் பொருள் அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும்.

இந்தப் படியில் நான் காணும் மிக ஆபத்தான பிழை, வீட்டுப் பணிப்பெண்ணைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது. தீபாவளிக்கு முந்திய வாரம் ஆர்டர்கள் குவிகின்றன. “கொஞ்சம் முறுக்கு பிழிந்து கொடும்மா” என்று கேட்பது இயல்பாகத் தோன்றும். ஆனால் பணிப்பெண்ணின் வேலை அனுமதி வீட்டு வேலைக்கு மட்டுமே. விற்பனைக்கான முறுக்கைப் பிழிவதும் அதைப் புட்டியில் அடைப்பதும் வெளிநாட்டு ஊழியர் வேலை நியமனச் சட்டத்துக்கு எதிரானவை. அபராதம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பெண்ணின் பிழைப்பையும் சேர்த்துப் பணயம் வைக்கிறோம். கைகள் போதவில்லை என்றால் ஆர்டரை நிறுத்துங்கள்.

6. முழுப் பெயரில், சிறிய அளவில் விற்றுப் பாருங்கள்

தொழிலைப் பதிவு செய்யாமல் விற்கலாமா என்ற கேள்வி எழும். அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயரில் தனியாளாகத் தொழில் செய்பவருக்குப் பதிவிலிருந்து விலக்கு உண்டு. அட்டையில் தந்தை பெயரும் சேர்ந்திருந்தால் அதையும் சேர்த்தே முழுப் பெயர். அதோடு “கிச்சன்”, “கிரியேஷன்ஸ்” என்று ஒட்டு சேர்த்துவிட்டால் அது வணிகப் பெயராகிவிடும், பதிவு கட்டாயமாகும். விலக்கு பதிவுக்கு மட்டுமே. இந்த விற்பனையில் கிடைக்கும் லாபத்தையும் வருமான வரிக் கணக்கில் காட்டியே ஆக வேண்டும்.

சோதனை விற்பனையின் நோக்கம் பாராட்டைச் சேர்ப்பதாக இருக்கக்கூடாது. விலையைக் கண்டுபிடிக்கத்தான் இந்தப் படி. ஆகவே உறவினருக்கும் அலுவலகத் தோழியருக்கும் விற்றதைக் கணக்கில் தனியே வையுங்கள். அவர்கள் முறுக்கை வாங்குவது உங்கள் முகத்துக்காக. முகம் தெரியாதவர் ஒருமுறை வாங்கி, மறுமுறையும் தானாகக் கேட்டு வருகிறாரா என்பதே அளவுகோல்.

விலை எப்படித் தவறாகப் போகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காட்டுகிறேன். ஒருவர் 20 புட்டி முறுக்கு செய்கிறார். புட்டி 12 வெள்ளி. வரவு 240 வெள்ளி. மாவு, வெண்ணெய், எண்ணெய் என 90. புட்டியும் ஒட்டுச்சீட்டும் 20. எரிவாயு, மின்சாரம் 8. வீடுகளுக்குக் கொண்டு சேர்க்க 22. செலவு 140 போக மீதி 100 வெள்ளி. கேட்க நன்றாக இருக்கிறது. இப்போது நேரத்தைக் கூட்டுங்கள்: தேக்காவுக்குப் போய்ச் சாமான் வாங்கியது, மாவு சலித்தது, பிழிந்து பொரித்தது, ஆறவிட்டு அடைத்தது, பாத்திரம் துலக்கியது, வாட்ஸ்அப்பில் பதில் சொன்னது எல்லாம் சேர்த்துப் பத்து மணி நேரம். மணிக்குப் பத்து வெள்ளி. மாதம் 176 மணி நேரம் உழைத்து 6,000 வெள்ளி வாங்கியவருக்கு அலுவலகத்தில் மணிக்கு 34 வெள்ளி கிடைத்தது.

இந்தக் கணக்கைப் பார்த்து மனம் தளர வேண்டாம். சரிசெய்யும் வழியும் இதே கணக்கில்தான் இருக்கிறது. புட்டியை 15 வெள்ளியாக்கினால் மீதி 160. சாமான் வாங்குவதை வாரத்துக்கு ஒரு நாளாக்கி, வீடுவீடாகக் கொண்டு சேர்ப்பதை ஓர் எம்ஆர்டி நிலையத்தில் ஒரே நேரத்தில் ஒப்படைப்பதாக மாற்றினால் நேரம் ஏழு மணியாகக் குறையும். 22 வெள்ளி அனுப்பும் செலவும் மிச்சமாகும். மணிக்கு 26 வெள்ளி. உழைப்பு நேரத்தை எழுதி வைக்காதவருக்கு இந்த இடைவெளி கண்ணில் படவே படாது. ஆகவே முதல் ஆர்டரிலிருந்தே ஒரு நோட்டில் பொருள், ரொக்கம், நேரம் என மூன்று பத்தி போட்டு எழுதுங்கள்.

இதே படியில் வேலை நேரத்தையும் வீட்டாரோடு பேசி முடிவு செய்யுங்கள். வீட்டில் இருக்கும் பெண் சும்மா இருக்கிறாள் என்ற எண்ணம் நம் குடும்பங்களில் இன்னும் மாறவில்லை. மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துப்போவது, பள்ளியிலிருந்து பிள்ளையைக் கூட்டி வருவது எல்லாம் கேள்வியின்றி உங்கள் தலையில் விழும். எந்த நாள் எந்த நேரம் தொழிலுக்கு, எந்த வேலையைக் கணவர் எடுத்துக்கொள்கிறார் என்று எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டுவது சின்னக் காரியம்தான். ஆனால் அதைச் செய்யாத வீடுகளில் தொழில் நள்ளிரவுக்குத் தள்ளப்படுவதைப் பார்த்திருக்கிறேன்.

7. பதவி விலகல் கடிதம் கொடுங்கள்

மேற்கண்ட ஆறு படிகளும் முடிந்தபின் இது ஒரு நாள் வேலை. கடிதத்தில் கடைசி வேலை நாளை மட்டும் தெளிவாகக் குறிப்பிடுங்கள். காரணம் எழுத வேண்டியதில்லை. எடுக்காத விடுப்பைப் பணமாகப் பெறுவதா, முன்னறிவிப்புக் காலத்தைக் குறைக்கப் பயன்படுத்துவதா என்று மனிதவளப் பிரிவோடு எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலையோ கோப்புகளையோ எடுத்துச் செல்லாதீர்கள். அது உங்கள் அனுபவத்தால் உருவானதாகவே இருந்தாலும் உங்கள் உடைமையாகாது.

8. தொழிலைப் பதிவு செய்யுங்கள்

பதிவை ஏன் பதவி விலகலுக்குப் பின் வைத்திருக்கிறேன் என்றால், தொழில்களைப் பதிவு செய்யும் அரசாங்க அமைப்பான அக்ராவின் பதிவேட்டை யாரும் தேடிப் பார்க்கலாம். வெளிவேலைத் தடை உள்ள ஒப்பந்தத்தில் இருப்பவரின் பெயர் அங்கே தெரிவது வீண் சிக்கல். நிறுவனத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் இருந்தால் முன்பே பதிவு செய்யலாம்.

பதிவு பிஸ்ஃபைல் தளத்தில், சிங்பாஸ் வழியாக. தனியுரிமைத் தொழிலுக்குப் பெயர் விண்ணப்பம் 15 வெள்ளி, ஓராண்டுப் பதிவு 100 வெள்ளி அல்லது மூன்றாண்டுப் பதிவு 160 வெள்ளி. தனியார் நிறுவனத்துக்குப் பெயர் 15 வெள்ளியும் பதிவு 300 வெள்ளியும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? தனியுரிமைத் தொழிலில் தொழிலும் நீங்களும் ஒன்றே. தொழிலின் கடனுக்கு உங்கள் சேமிப்பும் பொறுப்பாகும். தனியார் நிறுவனம் சட்டப்படி தனி ஆள். உங்கள் பொறுப்பு பொதுவாகப் போட்ட முதலோடு நின்றுவிடும். ஆனால் ஆறு மாதத்துக்குள் நிறுவனச் செயலாளரை நியமிக்க வேண்டும், ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டும், நிறுவன வரிப் படிவம் தனி. ஒருவராகத் தைத்தோ சமைத்தோ விற்பவர் தனியுரிமையில் தொடங்குவதே போதுமானது என்பது என் எண்ணம். கடை வாடகை ஒப்பந்தம், கடன், ஊழியர், பங்காளி இவற்றில் ஒன்று வந்தவுடன் தனியார் நிறுவனத்துக்கு மாறுவதைப் பற்றி யோசியுங்கள். தோழியோடு சேர்ந்து தொடங்குபவர்கள், யார் எவ்வளவு போட்டோம், ஒருவர் விலகினால் என்ன என்பதை நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதிக் கையெழுத்திடுங்கள்.

மெடிசேவ் (மத்திய சேம நிதியின் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) சந்தாவில் பாக்கி இருந்தால் பதிவு நிற்கும். முன்பு துணைப்பாடம், சொத்து முகவர் வேலை என்று ஏதாவது சுயதொழில் வருமானம் காட்டியிருந்தால், பாக்கியைச் சரிபார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

9. தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு திறவுங்கள்

பதிவு முடிந்ததும் கிடைக்கும் நிறுவனத் தனி அடையாள எண்ணை வைத்து வர்த்தகக் கணக்கு திறந்து, அந்த எண்ணிலேயே பேநவ் வசதியை இணையுங்கள். சொந்தக் கைப்பேசி எண்ணுக்குப் பணம் வாங்கும் பழக்கத்தை அன்றே விடுங்கள். சொந்தக் கணக்கில் அத்தைக்கு அனுப்பிய பணமும் மளிகைக்கடைச் செலவும் ஆர்டர் வரவும் கலந்துவிட்டால், ஏப்ரலில் அவற்றைப் பிரிப்பது பெரும்பாடு. அந்த அடையாள எண் உங்கள் ரசீதிலும் இன்வாய்ஸிலும் இடம்பெற வேண்டும்.

வாடிக்கையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. ஆர்டருக்காகக் கொடுத்த எண்ணை, கேட்காமல் விளம்பரக் குழுவில் சேர்க்காதீர்கள்.

10. வரியும் மெடிசேவும்

தனியுரிமைத் தொழிலின் லாபம் உங்கள் சொந்த வருமானமாக, சுயதொழில் செய்பவர்களுக்கான படிவம் பி வழியாகத் தாக்கல் செய்யப்படுகிறது. மின்வழித் தாக்கலுக்குக் கடைசி நாள் ஏப்ரல் 18. ஆண்டு வரவு 200,000 வெள்ளிக்கு மேற்படாதவர் வரவு, லாபம் என்ற இரண்டு வரிகளைக் கொடுத்தால் போதும். ஆனால் அந்த இரண்டு எண்களுக்குப் பின்னால் உள்ள ரசீதுகளை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். பொருள் சேவை வரிக்குக் கட்டாயப் பதிவு, ஆண்டு விற்பனை பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான். பதிவு செய்யாத ஒருவர் வாடிக்கையாளரிடம் 9 விழுக்காட்டு வரி வசூலிப்பது குற்றம்.

ஆண்டு நிகர லாபம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் சந்தா கட்டாயம். சாதாரணக் கணக்குக்கும் சிறப்புக் கணக்குக்கும் கட்டாயமில்லை. அதனாலேயே பலர் ஆண்டுக்கணக்கில் எதுவும் போடாமல் விட்டுவிடுகிறார்கள். மாதம் 200 வெள்ளியாக இருந்தாலும் தாமாகச் செலுத்தும் சந்தாவைத் தொடருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளுக்காகவும் தொழிலுக்காகவும் தம் முதுமையைப் பின்தள்ளும் பழக்கம் நம் பெண்களிடம் ஏற்கெனவே அதிகம்.

லாபத்தைக் குறைத்துக் காட்ட நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. தாய்மைக்கால அரசாங்க உதவி சுயதொழில் செய்யும் பெண்களுக்கும் உண்டு. பிறக்கும் குழந்தை சிங்கப்பூர்க் குடிமகனாக இருக்க வேண்டும். பேறுக்கு முன் குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்து தொழிலில் இருந்திருக்க வேண்டும். எவ்வளவு கிடைக்கும் என்பது நீங்கள் இழந்த வருமானத்தைப் பொறுத்தது. கணக்கில் காட்டாத வருமானத்தை இழந்ததாக எப்படிக் காட்டுவீர்கள்? வங்கிக் கடனுக்கும் இதே நிலைதான்.

11. ஆளும் கடையும்

முதல் ஊழியரை வைக்கும்போது, முக்கிய வேலை நிபந்தனைகளை 14 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், விவரமான சம்பளச் சீட்டு தர வேண்டும். மாதம் 50 வெள்ளிக்கு மேல் வாங்கும் குடிமகனுக்கும் நிரந்தரவாசிக்கும் மத்திய சேம நிதி செலுத்த வேண்டும். வாரம் இரண்டு நாள் உதவிக்கு வரும் தெரிந்த அக்காவுக்கும் இது பொருந்தும். உடலுழைப்பு வேலை என்றால் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் வேலைக்காய இழப்பீட்டுக் காப்புறுதி வேண்டும்.

சிராங்கூன் சாலையிலோ கேம்பல் லேனிலோ கடை பார்ப்பவர்கள் மாத வாடகையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பாதுகாப்பு முன்பணம், ஒப்பந்தத்தின் மொத்த வாடகையில் 0.4 விழுக்காட்டு முத்திரைத் தீர்வை (நான்கு ஆண்டுக்கு மேற்படாத ஒப்பந்தத்துக்கு), உட்புறப் புதுப்பிப்பு, காலி செய்யும்போது பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவு ஆகியவற்றைக் கூட்டுங்கள். கடைசியாகச் சொன்னதை யாரும் முதலில் கேட்பதில்லை. கையெழுத்துக்கு முன் “எந்த நிலைக்கு” என்பதைப் புகைப்படத்தோடு ஒப்பந்தத்தில் இணைத்துக்கொள்ளுங்கள். அந்த இடம் உங்கள் வகைத் தொழிலுக்கு அனுமதிக்கப்பட்டதா என்று நகரச் சீரமைப்பு ஆணையத்திடம் பார்த்துவிட்டே முன்பணம் கொடுங்கள். 2024 பிப்ரவரி 1 முதல், ஓராண்டுக்கு மேற்பட்ட சில்லறை வணிக வாடகை ஒப்பந்தங்களுக்குச் சட்டபூர்வ நடத்தை நெறி நடப்பில் உள்ளது. உரிமையாளர் நீட்டும் தாளை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

12. மானியங்கள்

மானியத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், மானியத்தை நம்பித் தொடங்கும் தொழிலின் வடிவத்தையே அது மாற்றிவிடுகிறது. தேவையில்லாத மென்பொருளைப் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்பதற்காக வாங்கியவர்கள் உண்டு. தேவை உறுதியானபின், எண்டர்பிரைஸ் சிங்கப்பூரின் உற்பத்தித்திறன் தீர்வு மானியம் தகுதியான செலவில் 50 விழுக்காடுவரை கொடுக்கிறது. குறைந்தது 30 விழுக்காடு உள்ளூர்ப் பங்குரிமை வேண்டும். எது பொருந்தும் என்று தெரியாவிட்டால், சிங்கப்பூர் இந்தியர் வர்த்தகத் தொழிற்சபையோடு இணைந்து இயங்கும் சிறிய, நடுத்தர நிறுவன நிலையத்தில் கட்டணமின்றி ஆலோசனை கேட்கலாம். ஆறாவது படியில் சொன்ன மூன்று பத்தி நோட்டை எடுத்துச் செல்லுங்கள். அது கையில் இருந்தால் பேச்சு நேராக உங்கள் தொழிலின் எண்களில் தொடங்கும்.

மானியம் கேட்க எண்ணியிருக்கும் இயந்திரத்துக்கோ மென்பொருளுக்கோ விண்ணப்பத்துக்கு முன் பணம் கட்டாதீர்கள், ஒப்பந்தத்திலும் கையெழுத்திடாதீர்கள். “இன்றே முன்பணம் கொடுத்தால் தள்ளுபடி” என்று விற்பனையாளர் அவசரப்படுத்தினாலும், விண்ணப்பம் தாக்கலானதற்கான அத்தாட்சி கைக்கு வரும்வரை காத்திருங்கள். முன்கூட்டிச் செய்த செலவுக்கு மானியம் கிடைக்காது.